புறப்பட்ட இடத்தில் ஒருத்தி

சுற்றி வருகிற பாதை என்பதால்தான் இந்த வம்பு. நேராகப் போகிற பாதையாக இருந்தால் அவரவர் பையை அவரவர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் போகிறோம் என்று தெரிந்ததும், அங்கே யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றிவிடுகிறது. யாரையாவது என்ன, என்னைத்தான்.

லேக் மார்க்கெட்டில் பேருந்து ஏறியதிலிருந்து வத்சலாவுக்கு இதே நினைப்பு. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கொல்கத்தா முடிந்து செங்கல் சூளைகள் வந்துவிட்டன. அவள் நினைப்பு மட்டும் நகரவில்லை.

பேருந்தில் இருபத்திரண்டு பேர். டாக்குரியா ஏரியைத் தினமும் காலையில் சுற்றுகிற தமிழ்க்காரர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை வெளியூர் போய் நடப்பார்கள். விசில் ஊதி அழைத்துப் போகிறவர் அவள் கணவர் பட்டாபி, துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புளியோதரைத் தூக்கு, தயிர் சாதத் தூக்கு, எல்லோருடைய பைகள், இவற்றோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பவள் வத்சலா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆரம்பித்த ஏற்பாடு அது. மூன்று மாதத்தில் கால் சரியாகிவிட்டது. இப்போது ஏரியைத் தினமும் இரண்டு சுற்று வருகிறாள். வெளியூர் என்றால் மட்டும் ஜமக்காளம் அவளுடையது.

இன்று போகிற தீவுக்குப் போன வருஷமும் வந்திருந்தார்கள். எட்டு கிலோமீட்டர். படகுத்துறையில் தொடங்கி, கடலோரக் கரைமேட்டின் மேல் நடந்து, முகத்துவாரத்தில் திரும்பி, மீண்டும் படகுத்துறை. அவள் உட்கார்ந்த சவுக்குத்தோப்பிலிருந்து கடல் தெரியவில்லை. கரைமேடு மறைத்துக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவர்கள் வெயிலில் சிவந்து, ஒரே நேரத்தில் பேசினார்கள். தானும் ஒரு தடவை மேட்டில் ஏறிப் பார்க்கலாம் என்று எழுந்தபோது, தண்ணீர் ஏறுகிறது, படகு காத்திருக்காது என்றார் பட்டாபி.

அவர்கள் பேசியதை வைத்துத்தான் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதினாள். மேட்டில் ஏறியதும் கண்ணுக்கு எட்டும் வரை கடல். பாதி தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் ஒரு மரம். அதன் வேரெல்லாம் சிப்பிகள். சிப்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது அவளாகச் சேர்த்தது. அச்சில் பார்த்த நாளிலிருந்து அந்தச் சிப்பிகள் அவளை உறுத்திக்கொண்டிருந்தன. சமையலுக்கு நடுவில், குளிக்கும்போது, திடீரென்று தோன்றும்: இருக்குமா?

முன் இருக்கையிலிருந்து மஹிமா திரும்பினாள். வங்கி அதிகாரி ஒருவரின் மகள். இந்த வருஷம்தான் நடக்க வந்து சேர்ந்தவள்.

"மாமி, உங்க ஆர்ட்டிக்கிளை அம்மா படிச்சுக் காட்டினா. எனக்குத் தமிழ் படிக்க வராதே! பெங்காலில சொன்னா தாருண், மாமி, சத்தியமா பிரமாதம்! அந்தச் சிப்பி ஒட்டின மரத்தை ஃபோட்டோ எடுக்கணும். லெஃப்ட்ல வருமா, ரைட்லயா?"

"தெரியாதும்மா. நான் பார்த்ததில்லை."

"போங்கோ மாமி, ஜோக் அடிக்காதீங்கோ," என்று சிரித்துவிட்டு மஹிமா முன்னால் திரும்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லியும் பயனில்லை. வத்சலாவுக்குக் காது மடல் சூடானது.

படகு தீவில் சேர்ந்தபோது மணி ஒன்பது. பட்டாபி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு மணிக்குள்ள சுத்தி முடிச்சுடணும். அப்புறம் தண்ணி ஏறிடும். வத்சலா, அதோ அந்த மரத்தடியில நிழல் நன்னா இருக்கு. உக்காந்துக்கோ."

"மாமி மட்டும் இல்லேன்னா இன்னிக்குப் புளியோதரை காக்காய்க்குத்தான்," என்றார் செந்தில்நாதன். எல்லாப் பயணத்திலும் சிரிக்க வைக்கிறவர் அவர். "போன தடவை மாதிரி நாங்க வந்து சொல்றோம், நீங்க எழுதிடுங்க மாமி. நாங்க பார்த்ததைவிட நீங்க எழுதினதுதான் நல்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வத்சலா ஜமக்காளத்தை விரித்தாள். காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். தூக்குகளை நடுவில் வைத்து மூடிகளை அழுத்திப் பார்த்தாள். பைகள் ஒவ்வொன்றாக வந்து குவிந்தன. பட்டாபி நிம்மதியாக விசிலை வாயருகே கொண்டுபோனார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். தன் பையிலிருந்து டாக்குரியாவில் போடுகிற கேன்வாஸ் ஷூவை எடுத்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை விழுகிற சத்தம்.

விசில் ஊதப்படவில்லை.

"ஷூ எதுக்கு?"

"நடக்கத்தான்."

"முழங்கால்?"

"லேக்ல வலிக்கலையே."

பட்டாபி ஜமக்காளத்தைப் பார்த்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் கிளம்பி நிக்கறா. இன்னிக்கு ஒரு நாள் உக்காந்துடேன். நீயும் வந்துட்டா இதையெல்லாம் யாரு பார்த்துப்பா?"

"தெரியலை," என்றாள் வத்சலா. அவளும் குரலை உயர்த்தவில்லை. "நான் உக்காரலை."

குனிந்து, இடது காலின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.