அழித்த கை

நூலகத்து சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது என்று காலையிலேயே போன் வந்தது. அங்கே கணினிகளைக் கவனிப்பவன் நான். என் அண்ணியும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு நூலின் விவரமும் எழுதிய பழைய அட்டைகளைக் கணினியில் தட்டி ஏற்றுவது அவர் பொறுப்பு. இரண்டு மாதத்தில் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தார்.

டிஸ்க் நிரம்பினால் சரிசெய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறுப்புத் திரையைத் திறந்து, சர்வர் தன் போக்கில் எழுதிக் குவிக்கும் பழைய லாக் ஃபைல்கள் கிடக்கும் ஃபோல்டருக்குள் போக ஒரு கட்டளை, அங்கே இருப்பதையெல்லாம் அழிக்க ஒரு கட்டளை. முதலாவதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். 'அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை' என்று திரை சொன்னதைப் படிக்காமலே இரண்டாவதைத் தட்டினேன். எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கப் போயிருந்த அண்ணியின் ஃபோல்டரிலேயே அப்போதும் நின்றிருந்தேன்; அழிந்தது அதிலிருந்ததெல்லாம்.

காப்புப் பிரதியைத் தேடினேன். அது எடுக்கப்படுவது இரண்டு மாதமாகவே நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அண்ணி மாடியேறி வந்தார்.

"தம்பி, என் அட்டை ஒண்ணையும் காணோம்பா. நேத்து கம்ப்யூட்டர மூடும்போது அது ஏதோ கேட்டுச்சு, நான் ஓகே குடுத்துட்டேன். அதனாலயா?"

"இருக்கலாம் அண்ணி" என்றேன்.

தலைமை நூலகர் எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டார். அண்ணி நின்றபடியே எழுதிக்கொடுத்தார்.

அன்று இரவு வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அண்ணன், "இவ கைபட்டா கால்குலேட்டர்கூட படுத்துக்கும்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

மறுநாள் அட்டைப் பிரிவு வழியாகப் போனேன். விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தட்டுகிற அண்ணி, ஒவ்வோர் அட்டைக்கும் எதிர் மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சேவ் குடுக்கலாமாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

நான் தட்டிய கட்டளைகள் வரிசையாக சர்வரில் பதிவாகியிருந்தன. அதை அச்செடுத்துத் தலைமை நூலகரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அந்தம்மா நேத்து எழுதிக் குடுத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் சார்."

எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அண்ணியின் கடிதத்தைக் கிழித்தார். சர்வரின் கடவுச்சொல் வேறொருவர் கைக்குப் போனது.

அண்ணி என்னைத் திட்டவில்லை. படியிறங்கும்போது மட்டும், "அழிஞ்சது போகட்டும். சாப்பிடறப்போ நீயும் சிரிச்சியே" என்றார்.

அதன்பிறகு விடுமுறை நாள்களிலும் வந்து, மறுபடியும் முதல் அட்டையிலிருந்து நான் வாசிக்கிறேன், அவர் தட்டுகிறார். ஆயிரத்தைத் தொட்ட அன்று, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, தொண்டை கட்டுது உனக்கு" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க இன்னும் முடியாமல், அட்டையைப் பார்த்தே அடுத்ததை வாசித்தேன்.