பேட்டரி வேண்டாத சைட்

வெயிலுக்கு விலை ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி தனி.

கேளம்பாக்கத்திலிருந்து வந்திருந்த விற்பனைப் பிரதிநிதி கலைவாணன் இதைச் சொன்னபோது, மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள அந்தக் கரையோரக் காவல் முகாமின் தகரக் கூரைமேல் அதே சரக்கு கேட்பாரற்றுக் கொட்டிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம். முகாமின் பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் ரூத் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய போய் நில்லுங்க. நான் சும்மாவே தர்றேன்."

"வெயிலு சும்மாதான் மேடம். அத்த புட்ச்சி உள்ள குந்த வெக்கிறதுக்குத்தான் டப்பு."

மேசைமேல் அவன் வைத்தது கைக்குள் அடங்கும் கறுப்புக் குழல். துப்பாக்கியின் முதுகில் பொருத்திக் குறிபார்க்கும் சைட். குழலின் மேற்புறம் நெடுகச் சிவப்பாக ஒரு கண்ணாடி இழைப் பட்டை. பட்டை வெளிச்சத்தைக் குடிக்கும். உள்ளே பார்த்தால் சின்னச் சிவப்பு அம்பு எரியும். அம்பின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, அணைய எதுவுமில்லை.

ரூத் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு அப்பால் படகுத்துறைக் கம்பத்தின் மேல் அம்பு பழுத்த மிளகாய் மாதிரி நின்றது. அப்போதே அவள் மனசு அதை வாங்கிவிட்டது. வாங்கியதை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பதால் பொருளைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். அரை நிமிடத்தில் பதினைந்தாயிரம் இறங்கியது. கொட்டாவி விட்டாள், இன்னும் பத்து.

"மேடம், நீங்க போலீசுக்கு வந்ததுல பாரீஸ் கார்னர் யாவாரத்துக்குத்தான் நஷ்டம்," என்றான் கலைவாணன்.

அவள் அவசரம் அவனுக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், விளக்கில்லாத படகு ஒன்று கரையை நோக்கி வந்தது. கான்ஸ்டபிள் ஜெபா சவுக்குத் தோப்பில் மண்டியிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். சைட்டுக்குள் இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளி இல்லை. உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சைக் களிம்பு பிடித்துச் செத்திருந்தது. படகில் இருந்தவர்கள் என்ஜின் நின்றுபோன கோவளத்து மீனவர்கள். கரையேறி டீ கேட்டார்கள். டீ குடித்தவர்கள் போய்விட்டார்கள். ஜெபா மட்டும் போகவில்லை. அறை வாசலிலேயே நின்றான்.

"மேடம், வெறும் கண்ணாடிய புட்ச்சிகினு நின்னேன். வேற எவனாவது வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? ஆளு தெரியாம படபடன்னு இழுத்து வுட்டிருந்தா?"

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்து ரூத் ஒரு வாக்குக் கொடுத்தாள். அடுத்த மழைக்கு முன்னால் பன்னிரண்டு துப்பாக்கிக்கும் அணையாத சைட் வாங்கித் தருவதாகச் சொன்னாள். சொன்னது சுலபமாக இருந்தது.

"ராத்திரிக்கு?" என்று இப்போது கலைவாணனைக் கேட்டாள்.

"அதுக்கு வேற மாடல் கீது மேடம். உள்ள துளியூண்டு டிரிட்டியம் வாயு. அதுபாட்டுக்கு எரிஞ்சிகினே கெடக்கும். பத்து பன்னெண்டு வருசத்துல பாதியா மங்கும், அவ்ளோதான்."

செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த கணக்கு அதிகாரி காசிநாதன், கொள்முதல் குழுவின் தலைவர், அதுவரை பிஸ்கட்டில் கவனமாக இருந்தார். "டிரிட்டியம்னா கதிரியக்கம்தானே?" என்றபடி நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளினார்.

"கடுகு சைஸ் சார்."

"கடுகுக்கும் அனுமதி வாங்கணும். அனுமதி வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

ஜன்னல் வழியே, தெற்கே கரையோரம் அணுமின் நிலையத்தின் குவிமாடம் சாந்தமாகத் தெரிந்தது. ரூத் அதைப் பார்த்தாள். காசிநாதனும் பார்த்தார். "அதுக்கு வேற ஆளு கையெழுத்து போட்டிருக்காரும்மா," என்றார்.

டிரிட்டியம் போயிற்று. ரூத் யோசித்துப் பார்த்தாள். பகலில் பட்டை போதும். ராத்திரியில் அம்பு எரியாவிட்டாலும், அது கண்ணாடியிலேயே செதுக்கிய கோடு. முகாமின் தேடுவிளக்கு விழுந்த இடத்தில் கறுப்பாகவாவது தெரியும். செத்த பேட்டரிக்கு அது எவ்வளவோ மேல். வெயில் மாடலே போதும் என்றாள்.

"போதாது," என்றார் காசிநாதன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "பேட்டரி ஆயுள், குறைந்தது ஐம்பதாயிரம் மணி நேரம். இங்க என்ன எழுதறது?"

"பேட்டரியே இல்ல சார்."

"'இல்லை'ன்னு எழுதினா தகுதி இல்லைன்னு அர்த்தம் ஆயிடும்."

"பேட்டரியே வேணாங்கிறது அத விடப் பெரிய தகுதி இல்லையா?"

"எனக்குப் புரியுதும்மா. ஆடிட்ல வர்றவனுக்குப் புரியணுமே. மாடு வாங்கப் போன இடத்துல டிராக்டர் குடுத்தாலும், கொம்பு எங்கன்னுதான் கேப்பான்."

ரூத்துக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு மாதம் இப்படியே போனது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு எத்தனை நடை நடந்தாள் என்று ஜீப்புக்குத்தான் தெரியும். படிவத்தில் ஒரு வரியை அடிக்க இன்னொரு படிவம்; அந்தப் படிவம் அச்சடித்துத் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் காசிநாதனே ஒரு வழி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. தன் கையெழுத்தைப் பெண் கொடுப்பது மாதிரி விசாரித்துக் கொடுக்கிறவர், அவ்வளவுதான். சுடுதளத்தில் நேரடிச் சோதனை. போட்டிக்குப் பாதி விலையில் வந்திருக்கும் பேட்டரி சைட்டும், இதுவும். இது ஜெயித்தால் குழு கையெழுத்திட்டு அந்த வரியை அடித்துவிடலாம். தோற்றால் பேட்டரி. மே மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால், மார்ச் கணக்கு முடிந்தும் காலநீட்டிப்பில் வைத்திருந்த சைட் பணமும் திரும்பிப் போய்விடும்.

சோதனை அன்று காலையில் ஆயுத அறையில் பூஜை நடந்தது. ஆயுத அறைப் பொறுப்பு ஏட்டம்மா தெய்வநாயகியுடையது. திருக்கழுக்குன்றத்துக்காரி. அவள் கையால் பொட்டு வைக்காத பொருள் எதுவும் முகாமுக்குள் நுழைந்ததில்லை. ஜெனரேட்டர், ஜெராக்ஸ் மெஷின், குடிதண்ணீர் கேன் வைக்கும் ஸ்டாண்டு, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடுதான் வேலை செய்தன. எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கு நெற்றி எங்கே என்று ஏட்டம்மாவின் விரலுக்குத் தெரியும். முந்தின சாயங்காலம் வந்து சேர்ந்த இரண்டு சைட்டுகளுக்கும் நெற்றி பார்த்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக இழுத்துவிட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் சுற்றினாள்.

ரூத் கற்பூரம் அணையும் வரை வாசலில் மரியாதையாக நின்றாள். இந்த முகாமுக்கு வந்த புதிதில் ஒருமுறை, வயர்லெஸ் பெட்டியில் குங்குமம் உதிர்கிறது என்று சொன்னாள். உதிர்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு அவள் பெயரையும் அவள் போகும் சர்ச்சையும் சேர்த்துக்கொண்டு மூன்று முகாம் சுற்றி வந்தது. அன்றிலிருந்து பொட்டு என்று ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் பழகிக்கொண்டாள்.

சுடுதளத்தில் கலைவாணன் புதுச் சட்டையில் வந்திருந்தான். துப்பாக்கியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பூஜையெல்லாம் போட்டாச்சா? பேஷ்," என்றார் காசிநாதன்.

சவுக்கு நிழலில் கறுப்பு உடை ஆளின் உருவம் வரைந்த அட்டைகள் நின்றன. முதலில் பேட்டரி சைட். ஜெபா குந்தினான், எழுந்தான், ஓடினான். ஒவ்வொரு அட்டையிலும் நெஞ்சில் ஓட்டை விழுந்தது. சுத்தமான வேலை.

அடுத்து வெயில் சைட். ஜெபா தூக்கினான். கண்ணை எடுத்தான். மறுபடி வைத்தான். விசில் ஊதி, நேரம் ஓடி, மறு விசில் ஊதியபோது அவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று ரூத் கத்தினாள்.

"எரில மேடம்! அம்பு கறுப்பா கீது. அட்டையும் கறுப்பு. எதும்மேல எதுன்னு தெரில."

ரூத் வாங்கிப் பார்த்தாள். கறுப்பு அம்பு, கறுப்பு ஆள், கறுப்பு நிழல். தலைக்கு மேல் அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இந்த வெயிலில் எரியாதது வேறு எந்த வெயிலில் எரியும்?

கலைவாணன் முன் கண்ணாடியைப் பட்டுத்துணியால் துடைத்தான். பின் கண்ணாடியைத் துடைத்தான். திருகுகளை முறுக்கினான். பெட்டியை முகர்ந்துகூடப் பார்த்தான். "நேத்து கடையில தீயா எரிஞ்சிது மேடம். எம்பொண்ணு மேல சத்தியம்."

"பொண்ண விடுங்க. வரும்போது எங்கயாவது போட்டீங்களா?"

"மடியில வெச்சிகினு வந்தேன் மேடம், கொழந்த மாதிரி!"

இன்னும் இரண்டு வாய்ப்பு கொடுத்தார்கள். ஜெபா தடவித் தடவிச் சுட்டதில் ஒன்று அட்டையில் பட்டது, ஒன்று சவுக்கில் பட்டது. காசிநாதன் எழுதினார்: தேர்வாகவில்லை. பிரதி மூன்று. குழுவில் இருந்ததால் ரூத்தும் மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள். பேனா மை வராமல் அவளை இரண்டு தடவை அழுத்தி எழுத வைத்தது.

காசிநாதனின் கார் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறிப் போன பிறகு, ஜெபா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை சைட்டின் முதுகில் சொட்டியது. காய்ந்த சந்தனம் ஊறி வழிந்தது. பிசுபிசுத்ததால் கட்டைவிரலால் வழித்துச் சட்டையில் தேய்த்துக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணை வைத்தான்.

"மேடம்." கண்ணை எடுக்கவில்லை. "எரியுது மேடம்."

சிவப்புப் பட்டை பாதி வெளியே தெரிந்தது. மீதிப் பாதியின் மேல் சந்தனம் அப்பம் மாதிரி காய்ந்திருந்தது. குழல் நெடுகிலும் நெற்றி என்று சொல்ல அந்த ஒரு பட்டைதான் இருந்தது. பேட்டரி சைட்டுக்கு நெற்றி பேட்டரி மூடியாக அமைந்ததால் அது பொட்டோடு ஜெயித்துவிட்டது.

காலையிலிருந்து ஐந்து பேர் அதைப் பார்த்திருந்தார்கள். வெளிச்சத்தைக் குடிக்கும் பட்டைக்கு விலை சொன்னவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். விலை பேசியவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

தெய்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "அது வெளிச்சம் குடிக்கிற எடம்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள். "நீங்க நின்னு பாத்துகினுதான இருந்தீங்க மேடம்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

ரூத் போனை எடுத்து நடந்ததைச் சொன்னாள். காசிநாதன் பொறுமையாகக் கேட்டார்.

"மறுசோதனை வைக்கலாம்மா. காரணம் எழுதணும். அந்தப் பொட்டு கம்பெனி ஆளு வெச்சதா, நம்ம ஆளு வெச்சதா?"

"நம்ம ஆளு."

"அப்ப பொருளைக் கையாண்டதுல கவனக்குறைவுன்னு அந்தம்மா பேர்ல உங்க புகார் வேணும். மெமோ வரும். விசாரணை வரும். பூஜை பண்ணதுக்கு நீங்க புகார் குடுத்தீங்கன்னு பேப்பர்ல இருக்கும். எழுதி அனுப்புங்க, நாளைக்கே ஏற்பாடு பண்றேன்."

"என் பேர்ல எழுதிக்குங்க சார். நான் பாத்துட்டு சும்மா இருந்தேன்."

"நீங்க குழு உறுப்பினர். குழு மேலயே தப்புன்னா டெண்டரே ரத்து. இந்த மாசத்தோட பணம் போயிடும். பேட்டரி சைட்டும் வராது. பழசை வெச்சிக்கிட்டு மழைக்கு நிப்பீங்க." பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "சொல்லுங்கம்மா, யார் பேர் எழுத?"

தெய்வநாயகி ஈரத் துணியால் பட்டையைத் துடைத்து ஜெபாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தாள். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. கலைவாணன் வாயைத் திறந்தபடி ரூத்தையே பார்த்தான். ஜெபா யாரையும் பார்க்கவில்லை. சைட் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பக் கேட்டுவிடுவார்களே என்று அவசரமாகப் பார்ப்பவன் மாதிரி.

"யார் பேரும் வேணாம் சார்," என்றாள் ரூத். "விடுங்க."

கலைவாணன் சைட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்தான். "வெல இன்னும் கொறைச்சிருப்பேன் மேடம்," என்றான், யாருக்கோ ஆறுதல் சொல்வது மாதிரி.

ஜூலையில் புது பேட்டரி சைட்டுகள் வந்து இறங்கின. தெய்வநாயகி சந்தனக் கிண்ணத்தோடு மேசை முன்னால் நின்றாள். விரல் அந்தரத்தில் நின்றது.

"மேடம், எங்க வெக்கலாம்?"

"எங்க வேணா வைங்க ஏட்டம்மா. இதுக்கு ஒண்ணும் ஆவாது," என்றாள் ரூத். இந்த முறை பக்கத்திலேயே நின்று, கண்ணைத் திருப்பாமல் பார்த்தாள்.

ஆகக் கணக்கு இது: துப்பாக்கி பன்னிரண்டு, பேட்டரி சைட் பன்னிரண்டு, பொட்டு பன்னிரண்டு, ரூத் சொந்தக் காசில் வாங்கி ஜெபாவின் சட்டைப்பையில் திணித்த உபரி பேட்டரி இரண்டு. வெயில், ஒரு பைசாவுக்கும் செலவாகாமல், கூரைமேல் முழுக் கையிருப்பு. ஜெபாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, வரும் ஐப்பசி மழை வரை பாக்கி.