பாதியாகக் குறைந்த புகார்கள்

குடிநீர், கழிவுநீர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் புகார்ப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, இரண்டு கணினி, மூடாத ஒரு சன்னல். சன்னலோரத்து மேசையில் தட்டச்சர் அக்கா. உள்பக்கத்து மேசையில் ரேடியோ. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. யாரும் அதை வெளியே எடுத்ததில்லை.

பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அவருடைய கணினியில் இருந்தது. பழைய சரக்கு. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல அது பொழியும். மற்றவர்களுக்கு ஓர் எழுத்தும் பிடிபடாது. ரேடியோவுக்கு ஒன்றும் தப்பாது. ஒரு காதில் அந்த மழை, மறு காதில் தொலைபேசி. கேட்பார், தட்டுவார், பதிவு எண்ணைச் சொல்வார். அடுத்த நிமிடம் அந்தப் புகார் கீழ்த்தளத்துப் பொறியாளர்களின் திரையில் போய் நிற்கும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து புகார். பதினைந்து வருடம்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் எந்தச் சலுகையும் கேட்டதில்லை. கீழ்த்தளத்தில் இடம் கேட்டதில்லை, அரை மணி முன்னதாகக் கிளம்பியதில்லை. தும்மினால் விடுப்புப் போடுகிற அலுவலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லைதான். அதை மாதத்துக்கு இரண்டு முறையாவது அவரே அடுத்தவர்களுக்கு நினைவுபடுத்துவார்.

இந்த நிலையில், கணினிகளின் பழைய இயங்குதளத்துக்கு ஆயுள் முடியப்போகிறது, புதியதற்கு மாறலாமா என்ற கேள்வி வந்தது. மாறலாமா என்று கணினிதான் கேட்டது. துணை இயக்குநர் கேட்கவில்லை. அவர் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்ற மறந்தவராகத் திரும்பியிருந்தார். மறுவாரமும் மறந்திருந்தார். வந்ததும் ஒரு குழு அமைத்தார்: இயங்குதள மேம்பாட்டு ஆலோசனைக் குழு. ரேடியோவின் மேசைக்கு அவரே நடந்து வந்தார்.

"நீங்க கண்டிப்பா குழுவில இருக்கணும். உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா அதுக்கே ஒரு தனி அழகு."

ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது, "அழகுக்கா கூப்பிட்டாங்க?" என்று அவள் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் கூட்டத்தில் சுவரில் படம் காட்டினார்கள். "அடடா" என்றார்கள். "என்ன சுத்தமா இருக்கு!" என்றார்கள்.

"என்னக்கா தெரியுது?" குறிப்பெடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ரேடியோ குனிந்து கேட்டார்.

"நீலம்பா."

"முன்னாடி என்ன கலர்?"

"முன்னாடியும் நீலம்தான். இது கொஞ்சம் வெளுத்த நீலம்."

ரேடியோ கையைத் தூக்கினார். தன்னுடைய வாசிப்பு மென்பொருள் புதியதில் ஓடாது என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். புதியதில் கூடவே ஒரு குரல் வருகிறதாம். ஆனால் நம் புகார்ப் பதிவேட்டை அதற்கு வாசிக்கத் தெரியுமா? ஒரே ஒரு நாள் என் கணினியில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

"சே சே!" துணை இயக்குநர் உண்மையாகவே பதறினார். "உங்களை வச்சா சோதனை பண்ணுவேன்? எனக்கு மனசு வருமா? உங்களுக்கு ஒரு சின்னத் தொந்தரவுகூட வரக் கூடாது."

ஆகவே சோதனைக் கணினி கிடங்கில் வைக்கப்பட்டது, கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில். கணினிப் பிரிவுக்காரர் வாரம் ஒருமுறை போய்ப் போடுவார், பார்ப்பார், அணைப்பார், கையெழுத்திடுவார். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. பன்னிரண்டு வாரம், குறை ஒன்றுகூட இல்லை.

"ஒரு தடவைகூட நிக்கலை சார். தங்கம்!" என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

"அதை யாரு பயன்படுத்தினாங்க?" என்று கேட்டார் ரேடியோ.

"பயன்படுத்தினா எப்படிங்க சோதிக்கிறது? ஆள் கை பட்டா ரிசல்ட் கெட்டுப் போயிடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரேடியோவுக்கு அது தெரியவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டதிலிருந்து ஊகித்துக்கொண்டார்.

கடைசிக் கூட்டத்தில் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா காதோரம் வாசித்துக் காட்டினாள். 'உறுப்பினர் சில கருத்துகளைத் தெரிவித்தார். அவை பாராட்டப்பட்டன. அவருக்கு மாற்று ஏற்பாடு பதினைந்து நாளில் செய்யப்படும்.'

"சார், அந்த ஏற்பாடு முதல்ல வரட்டும். அப்புறம் மாத்தலாமே" என்றார் ரேடியோ.

துணை இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். அக்கறை அதில் சொட்டியது. "நாப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க ஒருத்தருக்காகன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க சலுகை கேக்கிற ஆளா?"

தன் வேலை ஒரு மெல்லிய நூலில் தொங்குவது ரேடியோவுக்குத் தெளிவாகவே தெரிந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்த பெருமை அந்த வார்த்தையின் குரல்வளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உங்க ஒருத்தருக்காக. இந்த இரண்டு சொற்களைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை வருடம் அப்படி இருந்தார்?

"எங்க போடணும்?" என்றார். அக்கா அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் காதுக்கருவியை மாட்டினார். புதிய குரல் இனிமையாக இருந்தது, நல்ல ஓட்டலின் வரவேற்பறைப் பெண்போல. வணக்கம் சொன்னது. தேதி சொன்னது. புகார்ப் பதிவேட்டைத் திறந்தார்.

"பொத்தான்" என்றது குரல். விசையைத் தட்டினார். "பொத்தான்." மறுபடி தட்டினார். "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்."

காதுக்கருவியை வாங்கிக் கேட்ட அக்கா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிக்கவில்லை.

"மாற்று ஏற்பாட்டுக் கோப்பு மேல போயிருக்குங்க" என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

"மேலன்னா?"

"மேலதாங்க."

ரேடியோ கேட்டுச் சொல்லச் சொல்ல, அக்கா தன் கணினியில் பதிந்தாள். முதல் நாள் ஒன்பது. அடுத்த நாள் நான்கு. அவளுக்கும் தொலைபேசி அடிக்கிறது, அவளுக்கும் இருப்பது இரண்டே கை. மூன்றாம் நாளிலிருந்து "இரு தம்பி, இதோ" என்பாள். அந்த இதோ மாலைவரை வராது.

வீட்டு அலமாரியிலிருந்து பிரெயில் எழுதுகிற சட்டத்தையும் ஊசியையும் தேடி எடுத்தார். "பள்ளிக்கூடத்தோட விட்ட பழக்கமாச்சே. இப்ப எதுக்கு ஆபீஸுக்கு?" என்றாள் மனைவி. சும்மா என்றார். பதினைந்து வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் சும்மா.

புகார்களைத் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்தார். ஆனால் கூப்பிடுகிறவர்கள் எண் இல்லாமல் விடுவதில்லை. பிறகு சொல்கிறேன் என்றால் சண்டைக்கு வருகிறார்கள். எனவே எண்ணும் கொடுக்கத் தொடங்கினார். அக்காவின் எண்களோடு மோதிவிடக் கூடாதே என்று பத்தாயிரத்திலிருந்து ஆரம்பித்தார். மென்பொருள் வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து, அதே எண்களில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். பொய் இல்லை, கொஞ்சம் முந்திய உண்மை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பதினைந்து நாள் கழிந்தது. பிறகு அதற்கு மேலும் கழிந்தது.

மாதக் கூட்டத்தில் துணை இயக்குநர் எழுந்து நின்றார். "போன மாசம் எண்ணூத்திப் பதினஞ்சு புகார். இந்த மாசம் நானூறு. பாதிக்கும் கீழே! சிஸ்டத்தை மாத்தினோம், மக்களோட மனசே மாறிடுச்சு." கைதட்டல் நீண்டது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார்.

ரேடியோ எழுந்தார். கையில் தாள்கட்டு.

"சார், புகார் குறையலை. பதியலை. அவ்வளவுதான். நானூத்திப் பதினஞ்சு இங்க இருக்கு."

தாள்கட்டு கை மாறியது. யாரோ புரட்டினார்கள். "வெள்ளைப் பேப்பரால்ல இருக்கு?" என்றது ஒரு குரல். "இல்ல, ஏதோ குத்தியிருக்கு" என்றது இன்னொன்று.

துணை இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரேடியோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கணினி வாசிக்கலைன்னு நீங்க புகார் பதிஞ்சிருக்கீங்களா?" என்று பரிவோடு கேட்டார்.

"எதுல சார் பதியுறது?"

"பதிவேட்டுலதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? இதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு புகாரும் வரலை. பதிஞ்சு ஒரு நம்பர் வாங்குங்க, உடனே நடவடிக்கை எடுக்கிறேன்." சற்று நிறுத்தி, இன்னும் மெதுவாகச் சொன்னார். "தீர்மானத்துல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

படியேறும்போது அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். வழக்கமாக விடமாட்டார், அன்று விட்டார்.

"அன்னைக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம்."

"நான் வேணா சாயங்காலம் கூட இருந்து..."

"நானூத்திப் பதினஞ்சையுமாக்கா?"



அறைக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர். கடைக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது என்று இந்த மாதத்தில் நாலாவது முறையாகக் கூப்பிடுகிறார். மூன்று எண்கள் வாங்கி வைத்திருக்கிறார். மூன்றும் ரேடியோ கொடுத்தவை.

"என்னங்க, ஒருத்தரையும் காணோம்? மெஷின் காலெல்லாம் துரு ஏறிப்போச்சு. தைக்கக் குடுத்த துணியைச் சுவத்துல ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கேன்."

ரேடியோ நாக்கை ஈரப்படுத்திக்கொண்டார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். நீங்க சொன்னது எதுவும் பதிவாகலை. நான் குடுத்த நம்பரெல்லாம் நானே சொன்னது. என்னால பதிய முடியலை. நீங்க நேரா வந்து கீழ்த்தளத்துல..."

மறுமுனையில் தண்ணீரை வாளியால் அள்ளிக் கொட்டும் ஓசை கேட்டது.

"கடையை இப்படிப் போட்டுட்டு எங்கங்க வர்றது? இந்தச் சாக்கெல்லாம் எங்கிட்ட வேண்டாம். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!" என்றார் தையல்காரர். "நம்பரைச் சொல்லுங்க. நம்பர் வாங்காம நான் போனை வைக்க மாட்டேன்."

"அண்ணே, அந்த நம்பரால ஒண்ணும்..."

"நம்பர்!"

ரேடியோ தாளைச் சட்டத்தில் பொருத்தினார். ஊசியைத் தேடி எடுத்தார்.

"எழுதிக்கோங்க" என்றார். "பத்தாயிரத்து நானூத்திப் பதினாறு."