கங்கவ்வாவின் கண்ணில் தங்கிய சனி

கங்கவ்வாவின் வலது கண்ணில் சனிக் கிரகம் வளையத்தோடு தங்கிவிட்டது, பியாடகி மிளகாய் விலை ஏறிய அதே வாரத்தில். கருவிழிக்குள் எள்ளளவு மஞ்சள் உருண்டை, சுற்றி ஒரு வளையம், பட்டப்பகலிலும் தெரிந்தது. பல்கலைக்கழக வாசலில் தள்ளுவண்டியில் வெங்காயமும் காரமும் கலந்த கிர்மிட் பொரி விற்பவள் அவள். முந்தின சனிக்கிழமை மாலை வானாய்வகத்தை ஊராருக்குத் திறந்துவிட்டபோது, தொலைநோக்கியில் கண்ணை வைத்து இமைக்காமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அது எந்தச் சனி என்பது வானாய்வக உதவியாளர் ஈரப்பாவுக்கு மட்டும் தெரியும். அன்று வானம் முழுக்க மேகம். நாலாவது மாதமாகக் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை. "ஏன்யா, கூரையைத் திறந்து துணி காயப்போடவா வச்சிருக்கீங்க?" என்று வரிசையில் ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஈரப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் தொங்கிய சிவகாசி காலண்டரிலிருந்து சனியின் படத்தைக் கத்தரித்துத் தொலைநோக்கிக் குழாய்க்குள் செருகி, பின்னால் டார்ச்சைப் பொருத்தினார். முந்நூறு பேரும் ஆகா ஆகா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதன்பின் கங்கவ்வாவின் வண்டிப் பக்கம் ஆள் வருவது குறைந்தது. சனி பிடித்தவள் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் வாசலோடு திரும்பின. எள்ளெண்ணெய் விளக்கேற்றிப் பார்த்தாள், சனி நகரவில்லை. ஒருநாள், "ஈரப்பண்ணா, வளையத்துக்குக் கீழ ஏதோ பொடி எழுத்து இருக்குன்னு மக சொல்றா. வேற எவனும் கிட்டயே வரமாட்டேங்கறான். உன்கிட்டதான் லென்ஸ் இருக்கே, படிச்சுச் சொல்லேன்" என்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள். அச்சகத்தின் பெயரும் சிவகாசியும் தெளிவாக இருந்தன. "அது... சனியோட பேருதான் அவ்வா" என்றார். அன்றிலிருந்து ஆறு வருடம் பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தார். சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளாத நாளில்லை.

மூன்றாவது சம்பந்தமும் திரும்பிய மறுநாள், முன்வாசலில் அவள் எதிரே போய் நின்றார். "அது சனியே இல்ல அவ்வா. காலண்டர் படம். நான்தான் வச்சேன்."

கங்கவ்வா கரண்டியைக் கீழே வைத்தாள். "காகிதமா? ஒரு காகிதத்துக்குப் பயந்தா என் மகளை வேண்டாம்னாங்க?"

"நாலு வார்த்தை திட்டிரு அவ்வா."

"திட்டினா உனக்கு லேசாயிரும். திட்ட மாட்டேன்."

சனி இன்றும் அவள் கண்ணில்தான் இருக்கிறது. மகள் இனிச் சம்பந்தம் பேச வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தையல்கடை நடத்துகிறாள். மேகம் மூடும் சனிக்கிழமைகளில் வானாய்வகத்து வரிசை அவள் கண்ணிலுள்ள சனியைப் பார்க்க அப்படியே தள்ளுவண்டிக்குத் திரும்புகிறது. லென்ஸை ஈரப்பாதான் பிடிக்க வேண்டும். வளையத்துக்குக் கீழே உள்ளதை ஒவ்வொருவருக்கும் அவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அது அவள் போட்ட நிபந்தனை. அவர் குரல் இறங்கும்போதெல்லாம் கங்கவ்வா கண்ணை இமைக்காமலே சொல்வாள்:

"சத்தமா அண்ணா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."