லில்லிப் பூவுக்கு வைத்த பொட்டு

1

மறைப்பானேன்? இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. திருவள்ளூரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து சுட்டது. நான் போனது சொந்த வேலையாக. என் புத்தகங்களில் கையெழுத்துக்குக் கீழே குத்திக் கொடுக்க 'அன்புடன்' என்று ஒரு முத்திரை செய்துகொள்ள ஆசை. (என் புத்தகத்தை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

அந்தப் பெண் கடைக்காரர் பாக்கியநாதனிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். பென்சிலால் வரைந்த லில்லிப் பூ.

"வெறும் பூவாம்மா? கீழ பேரு, பதவி ஒண்ணும் வேணாவா?" என்றார். 'தலைமையாசிரியர்', 'உண்மை நகல்' என்றே செய்து பழகிய மனிதர்.

"பூ மட்டும்தாண்ணா. எங் கல்யாணப் பத்திரிகைய நானே செய்யப்போறேன். கோடு மெல்லிசா வரணும். தடியா வந்துச்சுன்னா பூசணிப்பூ ஆயிடும்."

"பிரஸ்ல குடுத்தா ஒரே நாள்ல அடிச்சுக் குடுத்துருவான்மா."

"எங்க மாமியாரும் அதான் சொல்லிக்கினு கீறாங்க" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைவரிசை.

2

முதல் ஆரம்பம்:

[கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு மேலே, சூரியன் ஒரு சிவப்பு முத்திரையைப் போல]

போதும், கண்றாவி. புகைபோக்கியைக் கண்டால் சூரியனைத் தூக்கி அதன் தலையில் உட்காரவைப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் அங்கே கம்பெனி பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது ஆரம்பம்:

[ஹெலன் ஓர் அனாதை.]

இதை என் கணவர் குப்புராஜ் படித்தார். ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மணவாள நகரில் வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகும் அதே வேலையைத்தான் பார்க்கிறார், என் காகிதங்கள்மேல்.

"ஏன், அந்தப் பொண்ணோட அம்மா அப்பா உனக்கு இன்னா பாவம் பண்ணாங்க? எதுக்கு அவங்கள சாவடிக்கிற?" என்றார்.

நியாயம்தான். உடனே உயிர்ப்பித்துவிட்டேன். இருவரும் பொன்னேரியில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் மூட்டுவலி. (அதுவும் வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன்.)

ஆகவே சாதாரணமாகவே தொடங்குகிறேன். ஹெலன் கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அங்கேயே மோல்டிங் மிஷின் ஓட்டும் தமிழ்செல்வியும் அவளும் சேர்ந்து ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் ஹெலன் வாழ்த்து அட்டை செய்வாள். பிறந்தநாள், காதுகுத்து, ஞானஸ்நானம், மாற்றலாகிப் போகிற சூப்பர்வைசர், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஸ்டாம்பு உண்டு. ஸ்டாம்பை மையில் ஒற்றி அட்டையில் பதிப்பாள். மை காய்வதற்குள் பொன்னிறப் பவுடரைத் தூவி, ஹீட் கன்னால் சூடு காட்டுவாள். பவுடர் உருகி, எழுத்து மேலெழும்பி மின்னும். "அய்ய, அப்பளம் கணக்கா உப்புது பாரேன்!" என்று ஒவ்வொரு தடவையும் முதல்தடவை பார்ப்பதுபோலக் கத்துவாள் தமிழ்செல்வி.

ஹெலனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஜோஷ்வாவுக்கு அத்திப்பட்டில் மின்நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. பையன் தங்கம். அவன் அம்மா விக்டோரியாவும் தங்கம்தான், ஆனால் மற்றவர்களை உரசிப் பார்க்கிற தங்கம்.

"பத்திரிகை இன்னா வெளையாட்டு சாமானா ஹெலன்? சொந்தக்காரங்க கைக்குப் போறது. ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சிக்கினு உங்க ரூமுக்கு வர்றேன். கொஞ்சம் செஞ்சு காட்டு. சரியில்லன்னா நேரா பிரஸ்ஸுதான், அப்பறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

'வெளையாட்டு' என்றது ஹெலனுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனியை விட்டுவிட்டு, அட்டை செய்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. பத்திரிகை நன்றாக வந்தால் அந்தப் பேச்சை மாமியாரிடம் எடுக்கலாம். பிரஸ்ஸுக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி.

3

இப்போது கதைக்கு ஒரு வில்லி தேவை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது தமிழ்செல்விதான்.

[தமிழ்செல்விக்கு உள்ளுக்குள் பொறாமை புகைந்தது. தனக்கு முன்னால் தோழிக்குக் கல்யாணம் என்பதை]

ஒரு பக்கம் எழுதினேன். திரும்பிப் படித்தால், அவள் ஹெலனுக்கு டப்பாவில் நாஷ்டா கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கட்டச் சொல்லவில்லை, அவளாகக் கட்டுகிறாள். விசாரித்தால், கடம்பத்தூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிற வீட்டுப் பெண். "சேத்துல நிக்கிறதுக்கு மிஷின்கிட்ட நிக்கிறது தேவல" என்று வந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், பேச ஆளில்லாவிட்டால் மிஷினிடம் பேசுவாள். வில்லி வேலைக்குச் சுத்தமாக லாயக்கில்லை.

சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். விட்டதும்தான் கெட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.* ஹெலன் பொன்னேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தமிழ்செல்வி ரூமைக் கழுவிவிட்டு, காஸ் அடுப்பு, மிக்சி, ஸ்கூட்டி என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் ஹெலனின் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு ஸ்டாம்பாக எடுத்து வாழையிலையில் அடுக்கினாள். பத்திரிகைக்கென்று புதிதாக வந்த லில்லியை நடுவில் வைத்தாள்.

சாயங்காலம் திரும்பிய ஹெலன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது?"

"ஆயுத பூஜடி. எல்லாத்துக்கும் வெச்சிக்கினு வந்தேன், உன்னுத மட்டும் உட்டுட முடியுமா? எனக்கு மிஷினு, உனக்கு இது. உன் தொழிலாச்சே!"

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் தொழில் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் இவள்தான். ஜோஷ்வாகூட 'உன் ஹாபி' என்றுதான் சொல்வான். தோழியைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் கவனித்தாள்: பொட்டு எல்லாமே ரப்பர்மேல், படம் செதுக்கிய பக்கத்தில்.

"ஏன்டி இந்தப் பக்கம் வெச்ச? பின்னாடி கட்டையில வெக்கக் கூடாதா?"

"மூஞ்சியிலதான்டி பொட்டு வெப்பாங்க. முதுவுலயா வெப்பாங்க?"

 

ஹெலன் துடைக்கக் கையை நீட்டினாள். "ஏய், கைய எடு! பூஜையில வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில சூடம் காட்டி நவுத்தித் தர்றேன், அப்பறம் எடு" என்று தட்டிவிட்டாள் தமிழ்செல்வி.

* இந்த இடத்தில் மதச்சண்டை ஒன்றை மூட்டலாமே என்று சிலர் நினைக்கலாம். மூட்டமாட்டேன். இவர்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சாலமோன், ஒவ்வொரு வருஷமும் தன் வண்டிக்குத் தானே மாலை வாங்கி வருவான். வேறு யாராவது மாலை போட்டால் கோணலாகப் போடுவார்கள் என்று அவனுக்குக் கவலை. பொரிப் பொட்டலமும் இரண்டு கேட்டு வாங்குவான்.

4

சந்தனம் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

கல்லாகும். அதுவும் மயிரிழைக் கோடுகளுக்கிடையில். ஹெலன் ஆசையாகக் கேட்டு வாங்கிய மெல்லிய கோடு அது. சனிக்கிழமை காலையில் சூடம் காட்டி நகர்த்திக் கொடுத்துவிட்டு, தமிழ்செல்வி ஷிப்டுக்குப் போனாள். லீவு போட்டிருந்த ஹெலன் ஈரத்துணியால் லில்லியைத் துடைத்தாள். வெளியே பளிச்சென்று ஆகிவிட்டது. உள்ளே நனைந்த குங்குமம் சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சாம்பல் நிற மை. வெள்ளை அட்டை. முதலில் பதித்த பூக்கள் அவ்வளவு அழகு. ஹெலன் பாட ஆரம்பித்துவிட்டாள். பதித்தவற்றுக்குப் பொன்னெழுத்தும் வைத்து, சூடு காட்டி, ஜன்னலோரம் வரிசையாகக் காயவைத்துக்கொண்டே போனாள். அடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் பாட்டு நின்றது. பிற்பாடு பதித்த பூக்கள் அத்தனையிலும், நடுவில், இளஞ்சிவப்பாக ஒரு கசிவு.

பழைய பிரஷ்ஷால் ஸ்டாம்பைத் தேய்த்தாள். இன்னும் சிவந்தது. அளவாக வெட்டி வைத்த அட்டை தீர்ந்துவிட்டது. விடிந்தால் ஞாயிறு.

ஹெலனுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. 'லூசு, லூசு' என்று தலையணையை நாலு குத்து குத்தினாள். குத்தி முடித்ததும் வாழையிலையும் 'உன் தொழிலாச்சே' என்ற குரலும் ஞாபகம் வந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளுக்கு இதைவிடக் கையாலாகாத நேரம் கிடையாது.

ஷிப்டு முடிந்து தமிழ்செல்வி வருவதற்குள் எல்லா அட்டையையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

"இன்னாடி, ஒரு மாதிரியா கீற?"

"தலைவலி."

"இரு, இஞ்சி தட்டிப்போட்டு டீ தர்றேன். பத்திரிகை எங்க? காட்டேன்!"

"நாளைக்குப் பாக்கலாம்."

5

முடிவுகள் கைவசம் உள்ளன. வேண்டியதைப் பொறுக்கலாம்.

முடிவு அ: [விக்டோரியா அட்டையைக் கிழித்து எறிந்தார்.] "மாமியார்னா கிழிச்சே ஆவணுமா? உங்கம்மாவ நெனச்சு எழுதுனியா, எங்கம்மாவ நெனச்சு எழுதுனியா?" என்றார் குப்புராஜ். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: [கும்மிடிப்பூண்டி லைனில் சிக்னல் கோளாறு. விக்டோரியா வர முடியவில்லை.] எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு வந்துவிடுவாரே? கதையைத் தள்ளிப்போடலாம், மாமியாரைத் தள்ளிப்போட முடியாது.

முடிவு இ, என் கணவருடையது: "எங்க கம்பெனியா இருந்தா பேஜாரே இல்ல. டீவியேஷன்னு ஒரு சீல் இருக்கு. கொற இருக்கு, தெரிஞ்சேதான் ஏத்துக்கறோம்னு அர்த்தம். குத்தி அனுப்பிடுவோம்." எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அந்த சீலைக் குத்த வேண்டியவர் விக்டோரியா. அவர் கையைப் பிடித்து நான் குத்தவைக்க முடியாது.

6

ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அடுப்படி மூலையில் தமிழ்செல்வி டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஹெலன் பெட்டியைத் திறந்து, சுத்தமாக வந்த அட்டைகளை மேலே வைத்து நீட்டினாள்.

விக்டோரியா பொன்னெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். "எழுத்து நல்லா எழும்பி நிக்குது." ஹெலனுக்கு மூச்சு வந்தது. "பூவுதான் வெள்ளவெளேர்னு... சாவூட்டு மலர்வளையம் கணக்கா கீதேம்மா."

ஹெலனுக்கு வந்த மூச்சு போய்விட்டது. விக்டோரியா அடுத்ததை எடுத்தார். அதற்கும் அடுத்ததை எடுத்தார். கை நின்றது. அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல இன்னா, பூவுக்குள்ள செவப்பா கீது?"

பிடித்துக் கேட்கிறாரா, பிடிக்காமல் கேட்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்செல்வி டீயோடு வந்தாள். வந்தவள் அட்டையைப் பார்த்தாள். சொந்தக் குங்குமத்தின் நிறம் யாருக்குத்தான் தெரியாது?  பயந்துபோய் ஹெலனைப் பார்த்தாள்.

"யாரு வெச்சது இத?" என்றார் விக்டோரியா.

'நான்தான் அத்த' என்று ஹெலன் சொல்லியிருக்கலாம். சொல்லச்சொல்லி எழுதியும் பார்த்தேன். பேனா ஓடியது, அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளாகவே ஒன்று சொன்னாள்:

"தமிழு வெச்சது அத்த."

இதோடு என் வேலை முடிந்துவிட்டது. மூன்றே சொல். பழிபோட்டும் சொல்லலாம், பெருமையாகத் தோளில் கைபோட்டும் சொல்லலாம். ஹெலன் மனதில் எது இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னால் எழுத்தைத்தான் தாளில் பதிக்க முடியும், குரலைப் பதிக்க முடியாது. குரல் உங்களிடம்தான் இருக்கிறது. மனதுக்குள் படித்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் சூடான டீயை வைத்துக்கொண்டு தமிழ்செல்வி உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.