அக்கா செய்த சாஸ்

எங்கள் கடையில் பீட்சாவைவிட அதன் சாஸுக்குத்தான் பேர். அந்த சாஸைச் செய்வது நான். காலையில் மற்றவர்கள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் வீட்டுச் சமையலறையில் செய்து, மூடி போட்ட வாளியில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். கடையில் மாவு பிசைவது என் கணவரின் அண்ணன். டெலிவரி என் கணவர். கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பது அண்ணன் மனைவி, அதாவது என் ஓர்ப்படி. அக்கா என்று கூப்பிடுவேன். வாய்தான் கூப்பிடும்.

என் கையை விட்டுப் போன சாஸ் கடையில் யாருடையதாக மாறுகிறது என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகக் கட்டியிருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். கீழ்த்தளத்தை எங்கள் இரண்டாவது கடைக்குத் தந்து, அதில் பங்கும் சேர்வதாகப் பேச்சு. நான் டீ கொண்டுபோனபோது அவர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த சாஸ் உங்க கைப்பக்குவம்னு சொன்னாங்க. புதுக் கடைச் சமையலறை முழுக்க உங்க பொறுப்புன்னா எனக்குச் சம்மதம். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை என் கண் முன்னாடி செஞ்சு காட்டுங்க, போதும்."

"அதென்ன பெரிய வித்தையா," என்று அக்கா வெட்கப்பட்டாள். நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே வெட்கப்பட்டாள்.

கணவரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்தார். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர், அண்ணி முன்னால் எப்படி வாய் திறப்பார் என்று பாவமாகத்தான் இருந்தது. பிறகு தனியாகக் கேட்டேன்.

"விடு, குடும்பத்துக்குள்ள யார் செஞ்சா என்ன," என்றார்.

என்னவா? அந்தப் புதுச் சமையலறை எனக்கு வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியும். சொன்னதைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். எல்லாவற்றையும்விட, காலையில் தலை சீவி, செருப்பு மாட்டி, வேலைக்கென்று வெளியே கிளம்பலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அப்படி ஒரு நாளும் கிளம்பியதில்லை. அதைத் தட்டிப் பறிக்கப் பார்ப்பவளைச் சும்மா விடுவதா? அந்த வாரம் முழுக்க நான் தேய்த்த பாத்திரங்களுக்குத் தெரியும் என் ஆத்திரம்.

ஞாயிறன்று கட்டடக்காரர் வருவதற்குச் சற்று முன்பு அக்கா சமையலறைக்குள் வந்தாள். அவளுக்கு அது தண்ணீர் பாட்டில் எடுக்க மட்டும் வருகிற இடம். எப்படிச் செய்வது என்று நேராகக் கேட்டால் மானம் போய்விடும் என்பதால் சுற்றி வளைத்தாள்.

"தக்காளி டின்னு எங்கடி வெச்ச?"

"அந்த அலமாரிலக்கா. தோல் உரிச்ச முழுத் தக்காளி."

"இன்னிக்குப் பூண்டு நிறையப் போடவா?"

"ரெண்டு பல்லு போதும். துருவிக்கோங்க. உப்பு, ஒரிகானோ, கடைசியா ஆலிவ் எண்ணெய். அடுப்புல வெச்சிடாதீங்க. பச்சையாத் தடவினாத்தான் ஓவன்ல பதமா வேகும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"எல்லாத்தையும் சேத்து அடிச்சிட வேண்டியதுதானே?" என்றாள்.

"நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்கக்கா," என்றேன்.

அதற்குமேல் அவளால் என்ன கேட்க முடியும்? நான் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்த மிக்ஸியை இறக்கி, துடைத்து, பெரிய ஜாரைப் பொருத்திக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பணிவிடை நடக்காது.

இந்த சாஸுக்குத் தக்காளியை மிக்ஸி பக்கமே கொண்டுபோகக் கூடாது. காம்புப் பக்கத்துக் கெட்டியைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கையால் பிசைய வேண்டும். அப்போது விதை உடையாது. மிக்ஸியில் விதை அரைபட்டுக் கசக்கும். எண்ணெயும் சேர்ந்து ஓடினால் நுரைத்துப்போய், சிவப்பு வெளிறிவிடும்.

கட்டடக்காரர் வந்தார். வீடே சமையலறை வாசலில் கூடி நின்றது. அக்கா எல்லாவற்றையும் ஜாரில் கொட்டினாள், எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள், ஓடவிட்டாள். மூடியைத் திறந்தபோது குழந்தைகளின் காய்ச்சல் மருந்து மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒன்று உள்ளே நுரைத்துக்கொண்டிருந்தது. கட்டடக்காரர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அதை விழுங்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது.

"இது அது இல்லையே," என்றார்.

"டின்னு பழசா இருக்கும்," என்றாள் அக்கா.

அதே அலமாரியிலிருந்து இன்னொரு டின்னை எடுத்துத் திறந்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. கிண்ணத்தில் கொட்டிப் பிசைந்தேன். சாறு முழங்கைவரை தெறித்தது. மற்றதையும் போட்டு, எண்ணெய் விட்டு, ஒரு கலக்குக் கலக்கி அவரிடம் நீட்டினேன். ருசி பார்த்தவர், கேட்காமலே இரண்டாவது கரண்டியும் எடுத்தார்.

"இதுதான். அப்ப இத்தனை நாளா செஞ்சது நீங்களாம்மா?"

"நான்தான்."

அக்கா அழுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத் திரும்பினேன். அழுதாள். ஆனால் என்னைத் திட்டவில்லை.

"என்னை ஏன்டி முறைக்கிற? உன் புருஷனைக் கேளு. 'நீங்க செஞ்சதாவே இருக்கட்டும் அண்ணி, அவ வெளிய கிளம்பிட்டா வீட்டையும் அம்மாவையும் பாக்க ஆள் இல்ல'ன்னு என்கிட்ட சொல்லிட்டு, கடையில எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிவெச்சது அவருதான்."

கணவர் தரையைப் பார்த்தார். இந்த ஆளுக்காகவா நான் பாவப்பட்டேன் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அக்காமேல் இருந்த கோபம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன்.

"சமையலறையை நான் எடுத்துக்கறேன்," என்றேன் கட்டடக்காரரிடம். "நாளைக்கே வர்றேன்."

"சந்தோஷம்மா. அங்கயும் டெலிவரி உங்க வீட்டுக்காரர்தானே?"

"இல்லைங்க. ரெண்டு கடைக்கும் வேற ஆள் போட்டுக்கறோம்," என்று சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினேன். எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னேன்.

"உங்கம்மாவுக்கு எழுந்த உடனே வெந்நீர் வேணும். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கணும், அழுத்தித் தேய்ச்சா கத்துவாங்க. மூணு வேளையும் காரமில்லாமச் சமைக்கணும். நாளைக்குக் காலைல சீக்கிரம் எழுந்திருங்க."