இடத்தொடையின் சாட்சி

வினோதாவின் நாம்பன் கல்மதிலைத் தாண்டி ஜெகதீஸின் பயிரில் வாய் வைத்தது உண்மைதான். அதற்கு அவன் மாட்டைக் கட்டி வைத்திருக்கலாம். பிடிக்கப் போனவளின் இடத்தொடையில், கவட்டுக்குச் சற்றுக் கீழே, கத்தியை இறக்கினான்.

காயம் ஆறியது, கால் ஆறவில்லை. நாலு எட்டு வைத்தால் முழங்கால் தானாக மடிந்து அவளைத் தரையில் போட்டுவிடும்.

"சும்மா கீறல். வழக்குக்காக நடிக்கிறாள்" என்று நெடுந்தீவு முழுக்கச் சொல்லித் திரிந்தான் ஜெகதீஸ். ஒருநாள் இறங்குதுறையில், படகுக்கு நின்ற சனத்தின் முன்னால், அவளைப் போலவே நொண்டி விழுந்து காட்டினான். சிரித்தவர்களில் அவளுடைய சொந்தத் தமக்கையும் இருந்தாள். அன்றிலிருந்து வினோதாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை மறியலில், கம்பிக்குப் பின்னால் போட்ட பிறகுதான் தனக்குச் சாவு என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய லோயர் நரம்புச் சோதனைக்கு யாழ்ப்பாணம் அனுப்பினார். அங்கே அஜந்தா என்ற பெண் அவளைப் படுக்கவைத்து, தொடைத் தசையில் சிறு தகடுகளை ஒட்டினாள்.

"கவட்டடியில கரண்ட் குடுப்பன் அக்கா. நரம்பு நல்லா இருந்தா தசை துள்ளும். எவ்வளவு பலமா, எவ்வளவு கெதியா எண்டு மெசின் காட்டும்."

வலத்தொடை துள்ளியது. திரையில் பனையளவுக்கு ஓர் அலை எழும்பியது. இடப்பக்கம் கரண்ட் சுண்டியபோது தசை இலேசாக நடுங்கியதோடு சரி.

"நோகுதோ? நிப்பாட்டட்டோ?"

"கூட்டும் பிள்ளை. இன்னும் கூட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு சுண்டலும் ஜெகதீஸின் முகத்தில் விழுவதாகவே பட்டது. கூட்டிய பிறகும் இடப்பக்க அலை வலப்பக்கத்தினதில் கால்வாசிதான் எழும்பியது, அதுவும் பிந்தித்தான்.

"நரம்பு முழுக்கச் சாகேல்லை அக்கா. பயிற்சி செய்தா கொஞ்சம் தேறும்."

வினோதாவுக்குச் சந்தோசம் வரவில்லை. "நரம்பில உயிர் ஒண்டுமே இல்லை எண்டு எழுதும், பிள்ளை. அவன் உள்ளுக்குப் போகவேணும்."

"அப்பிடி எழுத ஏலாது. அவன்ர லோயர் வேற இடத்தில சோதிப்பிச்சா, பிறகு நீங்கள்தான் பொய்க்காரி. உள்ளதே காணும், அதுவே போதும். கரண்டுக்கு முன்னால ஒருத்தராலும் நடிக்க ஏலாது."

வழக்கில், சோதனையைப் பார்த்து அறிக்கை எழுதிய டொக்டர் இரண்டு அலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, அதையேதான் சொன்னார்: மனம் நினைத்தாலும் இந்தத் தசையை அடக்க முடியாது, நரம்பு வெட்டுப்பட்டது உண்மை. ஜெகதீஸ் எச்சிலை விழுங்குவதை வினோதா கண்கொட்டாமல் பார்த்தாள். மூன்று வருட மறியல் கிடைத்தது.

அடுத்த கிழமை அவனுடைய தாய் இராசாத்தி படலையடியில் வந்து நின்றாள்.

"அப்பீல் போடப்போறம் மோனை. மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வசனம் எழுதித் தாவன்."

"மன்னிக்கேல்லையே ஆச்சி. இல்லாததை என்னெண்டு எழுதுறது?"

கிழவி அழுதாள். வினோதா படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள். பிறகு மதிலைப் பிடித்துப் பிடித்து, மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அன்று மத்தியானம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.